ஆற்றல்மிக்க மாணாக்கரும் பல்கலைக்கழகச் சிறப்புநெறியும்

வகுப்பறைக் கல்வி பலரை ஒருங்கே கற்பிப்பதற்கென அமைந்தது. பலரை ஒருங்கே கற்பிக்கப் புகும் ஆசிரியர், அவருள் இடைப்பட்டவனையே கருத்திற்கொண்டு பாடத்தின் அளவையும் வேகத்தையும் வகுத்தல் இயல்பு. அதனாற் கடைப்பட்டவன் பின்தங்குகின்றான், முற்பட்டவன் காத்திருக்கின்றான். பின்தங்குபவனுடைய இடர் பரீட்சைப் பெறுபேற்றிலே வெளிப்பட்டுவிடும். பெற்றோரும் ஆசிரியரும் அதனை அறிந்து கவலைகொள்வர். காத்திருப்பவனுடைய இழப்போ எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. அவன் சித்தியெய்துகின்றான், பரிசில் பெறுகின்றான், பாராட்டப்படுகின்றான். ஆயினும், தன் ஆற்றலின் பாதியைத்தானும் செலவிடாது வெற்றிபெறும் வழக்கம் அவனிடத்து வேரூன்றிவிடுகின்றது. முயலாது வெல்லப் பழகியவன், முயன்றாலன்றி வெல்லலாகாத இடத்தை அடையும்பொழுது தளர்ந்துபோகின்றான். அத்தளர்ச்சிக்குக் காரணம் அவனிடத்தில் மாத்திரமன்றி, அவனைக் காத்திருக்கச் செய்த முறையிடத்தும் உண்டு.

மாணாக்கர் ஒருதன்மையர் அல்லர் என்பது தமிழ்மரபு நெடுங்காலமாக அறிந்த உண்மை. நன்னூலாசிரியராகிய பவணந்தி முனிவர் மாணாக்கரை முதல், இடை, கடை என மூவகைப்படுத்தினார். அன்னத்தையும் பசுவையும் முதல் மாணாக்கருக்கும், மண்ணையும் கிளியையும் இடை மாணாக்கருக்கும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகியவற்றைக் கடை மாணாக்கருக்கும் உவமையாக்கினார். குருவொருவரிடத்துச் சிலரே பயின்ற காலத்தில் அவ்வவர் தரமறிந்து கற்பித்தல் அரிதன்று. நூற்றுக்கணக்கானோர் ஒரே மண்டபத்தில் அமர்ந்து விரிவுரை கேட்கும் பல்கலைக்கழகத்திலே அது கைகூடுமாறு எங்ஙனம்? இவ்வினாவிற்கு மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கண்ட விடைகளுள் ஒன்று, ஆங்கிலத்தில் ‘ஓனர்ஸ்’ எனப்படும் முறையாகும். அதனை ஈண்டுச் சிறப்புநெறி என்போம்.

சிறப்புநெறி என்றவுடன் பலர் நினைப்பது பட்டத்தின் பின்னே எழுதப்படும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்னும் தரத்தையே. அது பயனைக் குறிக்கும் சொல்லாயிருக்கலாம். முறையைக் குறிக்கும் சொல்லன்று. ஆற்றலுடையார் சிலரைத் தெரிந்தெடுத்து அவர்க்கு மேலும் பல பாடங்களைச் சுமத்துதலும் சிறப்புநெறியாகாது. கற்கும் முறையையே மாற்றுதல் அதன் உயிர்நிலை. கேட்பவனாக இருந்த மாணாக்கன் எழுதுபவனாகவும், சொல்பவனாகவும், பிறர் வினாவுக்கு விடையிறுப்பவனாகவும் மாறுதல் வேண்டும். இம்மாற்றம் நிகழாதவிடத்துச் சிறப்புநெறி என்பது பெயரளவினதே. அதன் வரலாற்றை நோக்கின் இவ்வுண்மை இனிது விளங்கும்.

பரீட்சையாற் சிறப்புத் தரம் வழங்கும் வழக்கம் இங்கிலாந்தின் இரு பழைய பல்கலைக்கழகங்களிலே உருவாயிற்று. கேம்பிரிட்ஜிற் கணிதப் பரீட்சையிற் சிறந்தோரைத் தரவரிசைப்படுத்தி வெளியிடும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் 1800 ஆம் ஆண்டில் இயற்றிய பரீட்சைச் சட்டத்தினாற் சாதாரண பட்டத்தினின்றும் வேறான சிறப்புத் தேர்வை ஏற்படுத்தியது. பின்னர் 1807 இல் அத்தேர்வு பண்டை இலக்கியம் ஒன்று, கணிதமும் பௌதிகமும் ஒன்று என இருபிரிவாயிற்று. பிற்காலத்திற் பிரித்தானியப் பிரதமராகிய ரொபேட் பீல், 1808 இல் அவ்விரண்டிலும் முதல் வகுப்புப் பெற்ற முதல்வராயினார். அதுகாறும் செல்வர் மக்கள் பொழுதுபோக்கும் இடமாக இகழப்பட்ட பல்கலைக்கழகங்களில் உழைப்புக்கு மதிப்பு உண்டாக இத்தேர்வு பெரிதும் துணைசெய்தது.

எனினும், பரீட்சை ஒன்றையே அச்சாணியாகக் கொண்ட சிறப்புநெறி எங்ஙனம் தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும் என்பதற்கும் கேம்பிரிட்ஜ் வரலாறே சான்று. அங்குக் கணிதப் பரீட்சையில் முதலிடம் பெற்றவன் நாடறிந்த புகழுக்குரியவனானான். அப்புகழை விரும்பிய மாணாக்கர் பல்கலைக்கழக விரிவுரைகளை விடுத்துப் பணங்கொடுத்துத் தனிப் பயிற்றுநரை நாடினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எட்வேட் ரௌத் என்னும் பயிற்றுநரிடம் பயின்றவருள் இருபத்தைவருக்கு மேற்பட்டோர் முதலிடம் பெற்றனர். கணக்குகளை விரைந்து செய்யும் வித்தை வளர்ந்தது. புதுக் கணிதம் வளரவில்லை. கணிதமேதையாகிய ஜீ. எச். ஹாடி, இத்தேர்வு இங்கிலாந்தின் கணித ஆராய்ச்சியைப் பின்தள்ளிவிட்டது எனக் கருதி அதனை வன்மையாக எதிர்த்தார். முதலாமவன், இரண்டாமவன் என நிரல்படுத்தி அறிவிக்கும் வழக்கம் 1909 ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டது. நம் நாட்டிலே தீவின் முதலிடம், மாவட்டத்தின் முதலிடம் எனத் தேடித் தனியார் கல்வி நிலையங்களை மொய்க்கும் இளைஞரைக் காண்பார்க்கு இவ்வரலாறு அயலதாகத் தோன்றாது.

ஒக்ஸ்போட்டின் உண்மையான வலிமை பரீட்சையிலன்று, அப்பரீட்சைக்கு மாணாக்கனை ஆயத்தஞ்செய்த முறையிலேயே இருந்தது. கிழமைதோறும் மாணாக்கன் ஒரு கட்டுரை எழுதித் தன் ஆசிரியர் முன்னே வாசிப்பான். ஆசிரியர் இடைமறித்து வினவுவார். மாணாக்கன் தன் கூற்றை நிறுவுதல் வேண்டும், அன்றேல் திருத்துதல் வேண்டும். இம்முறையின் சுவையை அறிந்து அதனைக் கடல்கடந்து எடுத்துச்சென்றவருள் தலையாயவர் பிராங் எய்டெலொட் என்னும் அமெரிக்கர். 1880 இல் இந்தியானா மாநிலத்திற் பிறந்த இவர், றோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று 1905 இல் ஒக்ஸ்போட் சென்று பயின்றார். தாயகம் மீண்டு ஆங்கில இலக்கியம் கற்பித்த பின்னர், 1921 இற் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள சுவாத்மோர்க் கல்லூரியின் தலைவரானார்.

அக்கால அமெரிக்கக் கல்லூரிகளின் நிலையை ஈண்டு அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றில் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் தலைவராகிய சாள்ஸ் எலியற் முதலியோர் மாணாக்கர் தாம் விரும்பிய பாடங்களைத் தெரிந்து பயிலும் உரிமையைப் பரப்பினர். அவ்வுரிமை நன்றே, ஆயின் நாளடைவிற் பட்டம் என்பது தொடர்பற்ற சிறுசிறு பாடங்களைப் பயின்று புள்ளிகளைச் சேர்த்துக் கணக்கொப்புவித்தலாக மாறிற்று. பாடம் முடிந்தவுடன் அதனை மறத்தற்குத் தடையில்லை. கற்பித்தவரே பரீட்சகராகவும் இருந்தமையால், அவர் சொல்லியதை அவருக்கே திருப்பிச் சொல்லுதல் போதுமாயிற்று. பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் வூட்றோ வில்சன் 1905 இல் இளம் ஆசிரியர் பலரை நியமித்துச் சிறுகுழுக்களில் உரையாடிக் கற்கும் முறையைப் புகுத்தியமை இக்குறையை நீக்க எழுந்த முயற்சிகளுள் ஒன்று.

எய்டெலொட் அதனினும் ஒருபடி மேலே சென்றார். 1922 ஆம் ஆண்டிலே, ஆங்கில இலக்கியமும் சமூகவியல்களும் ஆகிய இரு துறைகளில், சுவாத்மோரிற் சிறப்புநெறி தொடங்கிற்று. நான்காண்டுக் கல்வியின் பின்னிரண்டு ஆண்டுகளுக்கு அது உரியது. சிறப்புநெறியிற் சேர்ந்தோர் ஏனையோரைப் போல நாள்தோறும் பல வகுப்புக்குச் செல்லவேண்டியதில்லை. தவணைக்கு இரண்டாக, நான்கு தவணையில் எட்டுக் கருத்தரங்குகளிற் பங்குபற்றுதல் வேண்டும். கருத்தரங்கு என்பது இக்காலத்து நாம் காணும் மேடையும் மாலையும் உடைய கூட்டமன்று. விரல்விட்டு எண்ணத்தக்க மாணாக்கரும் அவர்தம் பேராசிரியரும் கிழமைக்கொருமுறை ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, சில மணிநேரம் ஒரு பொருளை ஆராய்வதே அது. தொடக்கத்தில் அக்கூட்டங்கள் பல பேராசிரியர் வீடுகளிலேயே நிகழ்ந்தன. மாணாக்கர் எழுதிய கட்டுரைகளே அன்றைய பாடம். ஒருவன் எழுதியதை ஏனையோர் ஆராய்வர்; ஐயங்களைக் கிளப்புவர்; சான்று கேட்பர். பேராசிரியர் வழிதவறாது காக்குந் துணையேயன்றி உரையாளர் அல்லர்.

இம்முறையிற் புதுமை கண்டு வியக்கும் தமிழ் மாணாக்கர், நன்னூலின் பொதுப்பாயிரத்தை மீளவும் நோக்குதல் நன்று. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே கேட்டுக்கொள்ளினும் மாணாக்கன் அடைவது புலமையின் காற்பங்கே எனவும், உடன் கற்பாரோடு பயிலுதலால் இன்னொரு காற்பங்கு வாய்க்கும் எனவும், எஞ்சிய அரைப்பங்கு தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைத்தலாலேயே நிரம்பும் எனவும் பவணந்தியார் கணக்கிட்டார். இக்கணக்கின்படி நோக்கின், விரிவுரை மண்டபம் தரவல்லது நான்கில் ஒன்று மாத்திரமே. சுவாத்மோர்க் கருத்தரங்கு எஞ்சிய மூன்று பங்குக்கும் இடமளித்தது. உடன் பயில்வோர் அங்கு உண்டு. உரைப்பதற்குக் கட்டாயமும் உண்டு. ஒருவரையொருவர் அறியாத இரு மரபுகள், கற்றல் எங்ஙனம் நிகழ்கின்றது என்பதை உற்றுநோக்கி ஒரே முடிவுக்கு வந்தமை கருதத்தக்கது.

எய்டெலொட் அமைத்த முறையின் மற்றைய தூண் வெளிப் பரீட்சகர் என்பதாகும். இரண்டாண்டு முழுவதும் சிறப்புநெறி மாணாக்கருக்கு இடையிடையே பரீட்சை இல்லை. ஈற்றிலே எட்டுத் துறைக்கும் எழுத்துப் பரீட்சையும் அதன்பின் வாய்மொழிப் பரீட்சையும் நடைபெறும். அவற்றை நடத்துவோர் வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து அழைக்கப்பட்ட அறிஞர். கற்பித்த பேராசிரியர் அல்லர். சிறப்பு, உயர்சிறப்பு, மீயுயர்சிறப்பு என்னும் மூவகைத் தரங்களுள் இன்னது இவனுக்குரியது என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவ்வயலார்க்கே கொடுக்கப்பட்டது.

இதனால் விளைந்த பயன் இருவகைத்து. பிறரறிய ஆராயப்படுதலாற் பட்டத்தின் மதிப்பு உயர்ந்தது என்பது ஒன்று. அதனினும் ஆழமானது மற்றையது. கற்பிப்பவரே மதிப்பெண் இடுபவராகவும் இருக்கும்பொழுது மாணாக்கன் தன் அறியாமையை அவரிடமிருந்து மறைக்க முயல்வான். அவர் கருத்துக்கு மாறுபடவும் அஞ்சுவான். தீர்ப்பு வெளியாரிடம் சென்றவுடன் ஆசிரியரும் மாணாக்கனும் ஒரே பக்கத்தில் நிற்பவராயினர். ‘இது எனக்கு விளங்கவில்லை’ என்று சொல்லுதல் அவமானமன்று, தேவையாயிற்று. ஆசிரியரும் தாம் கற்பித்ததை அயலார் ஆராயப்போகின்றனர் என்பதனால் தம் பொறுப்பை மேலும் உணர்ந்தனர். மாணாக்கனை ஆராயும் தேர்வு ஆசிரியரையும் ஆராயுந் தேர்வாயிற்று.

சுவாத்மோரின் முறைக்கு எதிர்ப்பு இல்லாமற் போகவில்லை. முதலாவது தடை செலவு பற்றியது. ஐவர்க்கோ அறுவர்க்கோ ஒரு பேராசிரியர் என்பது விரிவுரையினும் பன்மடங்கு விலையுடையது. அத்தகைய வசதி எல்லாக் கல்லூரிக்கும் வாய்ப்பதன்று. இரண்டாவது தடை கொள்கை பற்றியது. எல்லோரும் நிகர் என்னும் கொள்கையிலே பிறந்த நாட்டில், சிலரைப் பிரித்தெடுத்துச் சிறப்பாகக் கற்பித்தல் குடியாட்சிக்கு மாறானதன்றோ எனப் பலர் வினாவினர். எய்டெலொட், குடியாட்சி நிகரான வாய்ப்பை வேண்டுமேயன்றி எல்லோரும் ஒரே அடியளவில் நடக்க வேண்டும் என்று கட்டளையிடாது என வாதித்தார். அணிவகுத்துச் செல்லும் படையினர் காலடி மாறாது நடப்பதுபோன்ற கல்வியை உடைத்தெறிதலே தம் நோக்கம் என்பதை 1944 இல் வெளியிட்ட நூலின் பெயராலேயே அவர் புலப்படுத்தினார். விளையாட்டுத் துறையை நோக்குவோர்க்கு இவ்வாதம் எளிதில் விளங்கும். எக்கல்லூரியும் தன் சிறந்த ஓட்டக்காரனைப் பின்னே வருவோருக்காக நின்று ஓடும்படி பணிப்பதில்லை. அவனைத் தனியே பயிற்றுவதைக் குறைகூறுவாரும் இல்லை.

ஒரு கல்லூரியின் முயற்சி ஒரு நாட்டின் இயக்கமாதற்கு அக்கல்லூரியின் புகழ் மாத்திரம் போதாது; முயல்வோர் தம்முள் அறிமுகமாதலும் வேண்டும். எய்டெலொட் இதனைத் தொடக்கத்திலேயே உணர்ந்தார். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் நிகழ்ந்த சிறப்புநெறி முயற்சிகளைத் திரட்டி 1924 இல் தேசிய ஆராய்ச்சிச் சபை வாயிலாக வெளியிட்டார். எனினும், அடுத்த முப்பது ஆண்டுகளாக இம்முறை பெரும்பாலும் சிறிய தனியார் கல்லூரிகளிலேயே தழைத்தது.

இரண்டாம் உலகப்போரின் பின் நிலைமை மாறிற்று. போரினின்றும் மீண்ட வீரர்க்குக் கல்விச் செலவளிக்க 1944 இல் இயற்றிய சட்டத்தினால் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் கல்லூரிகளிற் புகுந்தனர். மாநிலப் பல்கலைக்கழகங்கள் பேரூர்கள் போலப் பெருகின. அங்குள்ள ஆற்றல்மிக்க மாணாக்கன், கூட்டத்தில் முகமற்றவனானான். இக்குறையைத் தீர்க்க முன்வந்தவர் கொலொறாடோப் பல்கலைக்கழகத்தின் மெய்யியற் பேராசிரியர் ஜோசப் கோகென். அவருடைய முயற்சியால் 1957 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் போல்டர் நகரிற் பல பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகள் கூடினர். அதன் பயனாகச் சிறந்த மாணாக்கர் பற்றிய பல்கலைக்கழகங்களிடைக் குழு ஒன்று தோன்றிற்று. அவ்வாண்டு ஒக்டோபரிலேயே சோவியத் நாடு முதற் செயற்கைக்கோளை விண்ணிற் செலுத்தியது. அமெரிக்கரின் அச்சமே சிறப்புநெறியைப் பிறப்பித்தது எனச் சிலர் கருதுவர். போல்டர்க் கூட்டம் அதற்கு நான்கு மாதம் முன்னரே நிகழ்ந்தமையால் அது முற்றும் பொருந்தாது. அவ்வச்சம் முளைத்த பயிருக்கு நீராயிற்று என்பதே பொருந்தும்.

கோகெனின் குழு கார்னகி நிறுவனத்தின் பொருளுதவி பெற்று 1965 வரை இயங்கிற்று. அது செய்த பணி எளியது. ஆயின் பயன் மிக்கது. ஒரு செய்தியிதழை வெளியிட்டது, மாநாடுகளைக் கூட்டியது, கோகென் தாமே பல பல்கலைக்கழகங்களுக்குச் சென்று ஆலோசனை கூறினார். ஓரிடத்திற் கண்ட தவறு மற்றோரிடத்தில் மீளவும் செய்யப்படாதவாறு அறிவு பரிமாறப்பட்டது. முழுமையான சிறப்புநெறிக்கு இருக்கவேண்டிய இலக்கணங்கள் பதினாறு எனத் தொகுக்கப்பட்டன. சுவாத்மோரின் முறையினின்றும் இக்குழு இரண்டிடத்தில் வேறுபட்டது. சிறப்புநெறி இறுதி ஆண்டுகளுக்கு மாத்திரமன்றி முதலாண்டிலேயே தொடங்குதல் வேண்டும் என்பது ஒன்று. ஒரு துறைக்குள் ஒடுங்காது பல துறைகளை இணைத்து நோக்கும் பொதுக்கல்வியும் அதில் அடங்கவேண்டும் என்பது மற்றொன்று. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1956 இலும் ஒறிகன் பல்கலைக்கழகம் 1960 இலும் தம்முள்ளே தனிச் சிறப்புநெறிக் கல்லூரிகளை நிறுவின. பெருங்கடலினுள் ஒரு சிறு துறைமுகம்போல, பெரும் பல்கலைக்கழகத்தினுள் ஒரு சிறு கல்லூரி அமைந்தது.

பொருளுதவி முடிந்தவுடன் பல முயற்சிகள் மாய்ந்துபோதல் உலகியற்கை. இம்முயற்சி மாயவில்லை. 1966 இலே தேசிய சிறப்புநெறிச் சபை தோன்றிற்று. உறுப்பு நிறுவனங்கள் தாமே செலவை ஏற்று நடத்தும் அச்சபையில் இன்று எண்ணூறு வரையான கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இணைந்துள்ளன. அவற்றுள் ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகளும் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது. அக்கல்லூரிகளிற் பயில்வோருட் பலர் எளிய குடும்பத்தினர். வேலை செய்துகொண்டே கற்போர். சிறப்புநெறி செல்வர்க்கும் புகழ்பெற்ற கல்லூரிகளுக்கும் மாத்திரம் உரியதன்று என்பதனை இஃது எடுத்துக்காட்டும்.

ஐரோப்பாவில் இவ்வியக்கத்தை ஆர்வத்தோடு ஏற்ற நாடு ஒல்லாந்து. இது சற்று வியப்புக்குரியது. ஏனெனில், தலைநிமிர்ந்து தனித்து நிற்பவனை ஒல்லாந்தர் எளிதில் விரும்பார். எல்லோரையும்போல நடந்தாலே போதும் என்பது அவர்தம் வாழ்க்கை நெறி. உரிய இடைநிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற்றோர் பெரும்பாலான பல்கலைக்கழகத் துறைகளிற் சேரும் உரிமையுடையர். அத்தகைய நாட்டில், யூற்றெக்ற் பல்கலைக்கழகம் 1998 இல் ஒரு பழைய படைமுகாமிலே மாணாக்கர் தங்கிப் பயிலும் சிறிய பல்கலைக்கழகக் கல்லூரியொன்றைத் தொடங்கிற்று. 2008 இல் அரசாங்கமே சிரியுஸ் என்னும் திட்டத்தின் வாயிலாகச் சிறப்புநெறிகளுக்கு ஊக்கமளித்தது. தொழில்சார் உயர்கல்வி நிலையங்களும் அதிற் பங்குகொண்டன. இந்நெறிகளை ஆராய்ந்த மார்க்கா வூல்வென்ஸ்பெகர், நல்ல சிறப்புநெறி ஆசிரியர் மூன்றினைச் செய்வர் என்றார்: மாணாக்கரை ஒரு குழுமமாக ஒன்றுசேர்த்தல், அவர்தம் புலமைத் திறனை வளர்த்தல், அவர்க்குச் சுதந்திரம் அளித்தல். மதிப்பெண் இம்மூன்றனுள் இடம்பெறாமை நோக்குக.

இனி, இக்கருத்து நம் நாட்டை எவ்வாறு தொடுகின்றது என்பதை நோக்குவாம். இலங்கையிற் சிறப்புப் பட்டம் என்னும் வழக்கு அமெரிக்காவிலிருந்து வந்ததன்று, இலண்டனிலிருந்து வந்தது. 1858 முதல் இலண்டன் பல்கலைக்கழகம் எங்கிருந்து பயின்றோரையும் தன் பரீட்சைக்கு ஏற்றது. 1921 இற் கொழும்பில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி அப்பரீட்சைகளுக்கே மாணாக்கரை ஆயத்தஞ்செய்தது. கல்லூரிக்கு வெளியே, பகலிற் பாடசாலையிற் கற்பித்து இரவில் விளக்கொளியிற் பயின்று வெளிவாரிப் பட்டம் பெற்ற ஆசிரியரும் பலர். அவர்க்கு அயலாராகிய பரீட்சகர் இருந்தனர். உடன் பயில்வோரும் வினாவி ஆராயும் ஆசிரியரும் இருந்திலர். சுவாத்மோர் இணைத்த இரு தூண்களுள் ஒன்றே அவர்க்குக் கிடைத்தது. அதனைக்கொண்டே அவர் ஈட்டிய கல்வி பெரிது. ஆயினும் தனிமையிற் கற்றோர் இழந்தது இன்னதென்று அறிவோர் அவரே.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின் பொதுப்பட்டம், சிறப்புப்பட்டம் என்னும் இருநெறியும் இந்நாட்டின் சொந்த வழக்காயின. பொதுப்பட்டம் மூன்றாண்டினது, பல பாடங்களுடையது. சிறப்புப்பட்டம் நான்காண்டினது, ஒரு துறையில் ஆழ்வது. தொடக்கத் தேர்விற் சிறந்த புள்ளி பெற்றோர்க்கே பின்னதன் வாயில் திறந்தது. இன்று இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் இவ்விரண்டும் ஐந்தாம், ஆறாம் படிகளாக வகுக்கப்பட்டுள்ளன. பல பீடங்களில் நான்காண்டுப் பட்டமே பொதுவழக்காகிவிட்டது. வாயில் அகன்றமை மகிழ்ச்சிக்குரியது. ஆயின் ஆண்டும் பெயரும் கூடியதனால் மாத்திரம் ஒரு பட்டம் சிறப்புடையதாகிவிடாது. நான்காவது ஆண்டும் விரிவுரைக் குறிப்புகளை எழுதி மனனஞ்செய்து ஒப்புவிப்பதிலேயே கழியுமாயின், அது மூன்றாண்டின் நீட்சியேயன்றி வேறன்று. இறுதியாண்டு ஆய்வுக்கட்டுரை உடன் பயில்வோர் முன் வாசிக்கப்பட்டு, வினாவப்பட்டு, திருத்தப்பட்டு வளருமாயின், அங்கே சிறப்புநெறி உயிர்பெறும். அலுமாரியில் அடுக்கப்படுவதற்கென எழுதப்படுமாயின் அது மற்றொரு பரீட்சைத் தாளே.

தெரிவு பற்றிய நீதியையும் ஈண்டுக் கருதுதல் தகும். 1945 முதல் இலவசக் கல்வி நிலவும் நாடு இது. உழுபவனும் மீன்பிடிப்பவனும் கொழுந்து பறிப்பவளும் கொடுக்கும் வரியினாலேயே பல்கலைக்கழகம் நடைபெறுகின்றது. அப்பணத்திற் சிலர்க்குக் கூடுதலாகச் செலவிடுதல் எப்பொழுது முறையாகும்? மூன்று நிபந்தனைகள் நிறைவேறும்பொழுது முறையாகும் எனலாம். முதலாவது, ஒருமுறை நிகழ்ந்த பரீட்சையினால் வாயில் அடைபட்டுவிடலாகாது; பிந்தி மலர்பவர்க்கும் இடம் இருத்தல் வேண்டும். நல்ல பாடசாலையும் நூலகமும் இல்லாத ஊரிலிருந்து வந்தவன் முதலாண்டிற் பின்னிற்பது அவன் ஆற்றலின் அளவன்று. இரண்டாவது, தெரிவு பெறுதல் உழைப்பின் முடிவாகாது தொடக்கமாதல் வேண்டும். மூன்றாவது, சிறப்புநெறியிற் கண்ட கற்பித்தல் முறை ஏனைய வகுப்புகளுக்கும் சென்று பரவுதல் வேண்டும். சிறந்தோரிடத்துச் சோதிக்கப்பட்டு எல்லோர்க்கும் பயன்படும் முறையைத் தருவதனாலேயே சிறப்புநெறி தன் செலவுக்கு ஈடுசெய்கின்றது.

பல்கலைக்கழகம் செய்யவேண்டியதைப் பாடசாலை செய்யமுடியாது என்பர். முற்றும் உண்மையன்று. இன்றைய உயர்தர வகுப்பு மாணாக்கன் தன் மாலைப்பொழுதின் பெரும்பகுதியை நூற்றுக்கணக்கானோர் நிறைந்த தனியார் கல்வி நிலையங்களிலே கழிக்கின்றான். அங்கு அவன் பெறுவது, பவணந்தியார் கணக்கில், ஆசிரியர் தரும் காற்பங்கே. அதுவும் ஒலிபெருக்கி வாயிலாக. எஞ்சிய முக்காற்பங்கும் கேட்பாரற்றுக் கிடக்கின்றது. அதனைக் கொடுத்தற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கிழமைக்கு ஒருமுறை பாடசாலை முடிந்தபின் ஒரு வகுப்பறை, ஆறேழு மாணாக்கர், ஓர் ஆசிரியர், மாணாக்கன் ஒருவன் எழுதிய நான்கு பக்கக் கட்டுரை ஆகிய இவை போதும். பரீட்சைக்கு வராத வினாவொன்றை அங்கு ஆராயலாம். நல்லூர் இராசதானியின் வரலாற்றுக்குச் சான்றுகள் யாவை, நம் கிணற்றுநீர் உவர்ப்பாவது ஏன் என்பன போன்ற வினாக்களுக்கு நூலகத்தோடு ஊரும் பாடநூலாகும்.

வெளிப் பரீட்சகர் வேண்டுமெனின் அவரும் தொலைவில் இல்லை. கல்லூரியின் பழைய மாணவருள் விரிவுரையாளரும், வைத்தியரும், பொறியியலாளரும், சட்டத்தரணியும், தேர்ந்த விவசாயியும் உண்டு. கடல்கடந்து வாழும் அவருட் பலர் கட்டடத்துக்கும் பரிசில் நாளுக்கும் பொருளுதவி செய்கின்றனர். அவ்வுதவி போற்றத்தக்கது. ஆண்டுக்கு ஒருமுறை ஓர் இளைஞனுடைய கட்டுரையை வாசித்து, அரைமணி நேரம் அவனை வினாவி, அவன் சிந்தனையின் தரத்தை நேர்மையாக எடுத்துரைப்பரேல், அவ்வுதவியும் பொருளுதவியின் குறைந்ததாகாது. இக்காலத்துத் தொடர்பு வசதிகள் அதற்குத் தொலைவைத் தடையாக்கவில்லை. ஒரு கல்லூரி தொடங்கியதை அயற்கல்லூரியும் தொடங்கி, ஒன்றின் மாணாக்கரை மற்றதன் ஆசிரியர் ஆராய முன்வருவாராயின், போல்டரிற் கூடியோர் கண்ட கூட்டுறவு நம் குடாநாட்டிலும் சிறிய அளவில் உருவாகும்.

சிறப்பு என்பது ஒருவனுக்குச் சூட்டப்படும் மாலையன்று. அவனிடம் எதிர்பார்க்கப்படும் உழைப்பின் பெயர். அவனை ஏனையோரினின்றும் பிரித்து உயரத்தில் இருத்துதலாற் பயனில்லை. அவனோடு ஒத்த வேட்கையுடையார் நடுவே அவனை இருத்தி, சிந்திக்கச் செய்து, சிந்தித்ததைச் சொல்லச் செய்து, சொன்னதை நிறுவச் செய்தலே அவனுக்குச் செய்யும் நன்மை. கல்லூரியின் பெருமையைப் பெறுபேற்று அட்டவணையால் அளப்பது எளிது. அக்கல்லூரியிலே காத்திருந்து காலங்கழித்தவர் எத்துணையர் என்று கணக்கிடுவார் ஒருவரும் இல்லை. அக்கணக்கைத் தம்முள்ளே வைத்திருத்தல் ஆசிரியர் கடன்.